கைநாட்டு

சென்ற மார்கழி விடுமுறையில் ஒருநாள். யட்டவத்தையில் மூன்று நாட்களாக விடாத மழை. முற்றத்தில் காயப்போட்டிருந்த மிளகை அவசரம் அவசரமாக உள்ளே அள்ளியாகிவிட்டது. திருத்தவேண்டிய விடைத்தாள்கள் மேசைமேற் கிடந்தன. அவற்றைத் தொட மனம் வரவில்லை. உயர்தர வகுப்பிற் படிக்கும் என் மகன் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் அமர்ந்தான்.

"அப்பா, இதைப் பாருங்கள். குதிரையும் துப்பாக்கியும் வருகிற கதைதான். ஆனால் இதில் வருகிற கிழவர் துப்பாக்கியை விட்டுவிட்டுப் பூதக்கண்ணாடியைக் கையில் எடுக்கிறார்" என்றான்.

அது 'ஹெக் ராம்ஸி' என்னும் பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். 1972ஆம் ஆண்டு முதல் 1974ஆம் ஆண்டுவரை என்.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பியது. மொத்தம் பத்தே கதைகள். ரிச்சர்ட் பூன் என்ற நடிகர் கதாநாயகர். அதற்கு முன்னர் வேறொரு தொடரில் கூலிக்குத் துப்பாக்கி தூக்கும் வீரனாக நடித்துப் புகழ் பெற்றவர் அவர். இத்தொடரிலோ வயதேறிய துப்பாக்கி வீரர். 1901ஆம் ஆண்டில் ஒக்லஹோமாப் பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றுக்குப் பொலிஸ் உதவி அதிகாரியாக வந்து சேர்கிறார். அவரோடு ஒரு பெட்டியும் வருகிறது. அதற்குள் பூதக்கண்ணாடி, விரலடையாளம் எடுக்கும் பொடி, அளவு கருவிகள். ஊரார் சிரிக்கிறார்கள். இளவயதினரான பொலிஸ் தலைவர்கூட முதலில் முகத்தைச் சுளிக்கிறார். குதிரையில் ஏறித் துரத்திச் சென்று சுட்டுவிட்டால் முடிகிற காரியத்துக்கு மண்ணையும் தூசியையும் ஏன் உற்றுப் பார்க்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

படம் நன்றாகவே இருந்தது. குதிரைப் படங்களில் வழக்கமாக நேரும் கொலைகளின் எண்ணிக்கை இதில் குறைவு என்பதும் எனக்கு ஆறுதல். ஆனால் கிழவர் ஒரு கதவருகே குனிந்து நின்று அதை உற்று நோக்கிய கட்டம் வந்தபோது என் மனம் ஒக்லஹோமாவை விட்டு வேறொரு கதவுக்குப் போய்விட்டது. அது என் அப்பாயி சொல்லக் கேட்ட கதவு. அதைப் பற்றிச் சொல்லத்தான் இதனை எழுதத் தொடங்கினேன். எனினும் அதற்கு முன்னர் மகனுக்கு நான் சொன்ன இன்னொரு கதையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிடில் கதவின் பொருள் விளங்காது.

"இந்தப் பெட்டிக்குள் இருக்கிற வித்தையில் பாதி எங்கள் பக்கத்திலிருந்து போனது, தெரியுமா?" என்று கேட்டேன். அவன் நம்பவில்லை. கணித ஆசிரியர்கள் எதையும் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள் என்பது வீட்டில் நெடுநாளாக உள்ள குற்றச்சாட்டு.

வங்காளத்தின் வடக்கே, பூட்டான் எல்லையை அண்டி, ஜல்பைகுரி என்றொரு மாவட்டம் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த இடம். 1897ஆம் ஆண்டில் அங்கே ஒரு தோட்டத்துத் துரை தம் படுக்கையிலேயே கழுத்தறுபட்டுக் கிடந்தார். பணப்பெட்டி திறந்து கிடந்தது. சில நூறு ரூபாயைக் காணவில்லை. சந்தேகம் முதலில் யார்மீது விழுந்தது என்று நினைக்கிறீர்கள்? தோட்டத் தொழிலாளர்மீதுதான். துரை கடுமையாக வேலை வாங்குபவர், ஆகவே கூலிகளில் ஒருவன்தான் பழிதீர்த்திருப்பான் என்று பேசிக்கொண்டார்கள். அடுத்தபடி சமையற்காரன்; அவன் துணியில் இரத்தக்கறை இருந்தது. புறாவை அறுத்த இரத்தம் என்று அவன் சொன்னான். துரையோடு தொடர்பு வைத்திருந்த ஒரு பெண்ணின் உறவினர்மீதும், அக்கம்பக்கத்திற் கூடாரமடித்திருந்த காபூலிக் கூட்டத்தின்மீதும் கூடச் சந்தேகம் போயிற்று. இவ்வளவு பேரில் யாரையேனும் ஒருவரைப் பிடித்து அடித்து ஒப்புக்கொள்ள வைத்திருந்தால் வழக்கு அன்றே முடிந்திருக்கும். அக்காலத்தில் பல வழக்குகள் அப்படித்தான் முடிந்தன.

இந்த வழக்கு அப்படி முடியவில்லை. துரையின் கடிதப் பெட்டியில் நீல அட்டை போட்ட வங்காளப் பஞ்சாங்கம் ஒன்று கிடந்தது. அதன் அட்டையில் மங்கலாக இரண்டு பழுப்புக் கறைகள். அவற்றுள் ஒன்றைப் பூதக்கண்ணாடியினூடே பார்த்தபோது ஒரு வலக்கை விரலின் இரேகைகள் தெரிந்தன. குற்றத் தண்டனை பெற்றவர்களின் விரலடையாளங்களைக் கல்கத்தாவிலே பொலிஸார் தொகுத்து வைத்திருந்தார்கள். அங்கே ஒப்பிட்டுப் பார்த்ததில், அது காங்காலி சரண் என்பவனுடைய வலப் பெருவிரல் என்று தெரியவந்தது. அவன் துரையிடம் முன்னர் வேலை பார்த்தவன். களவுக் குற்றத்துக்காக அவராலேயே சிறைக்கு அனுப்பப்பட்டு, சில வாரங்களுக்கு முன்னர்தான் விடுதலையானவன். நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் வீர்பூம் மாவட்டத்தில் அவனைப் பிடித்தார்கள். இரசாயனப் பரிசோதகர் இரண்டு கறைகளையும் சோதித்தார். பஞ்சாங்கத்திலிருந்தது பாலூட்டிப் பிராணியின் இரத்தம். சமையற்காரன் சொன்ன புறாக் கதையோ உண்மை.

1898ஆம் ஆண்டில் நடந்த விசாரணையின் முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. களவு ஐயமின்றி மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் கொலையை எவரும் கண்ணாற் காணாதபடியால் அதற்காகத் தண்டிப்பது பொருத்தமன்று என்று அசெசர்கள் கூறிவிட்டார்கள். பஞ்சாங்கத்தில் அவன் விரல் பட்டிருக்கிறது என்பது மட்டுமே அந்தக் கறை சொல்லும் செய்தி. அது சொன்னதற்குமேல் ஒரு சொல்லும் கூட்டாமல் நிறுத்திக்கொண்டார்களே, அந்த நிதானம் என் மாணவர்களுக்கு வந்தால் கேத்திரகணித விடைத்தாள்களைத் திருத்துவது எவ்வளவோ எளிதாகிவிடும்.

தொகுத்து வைத்திருந்தார்கள் என்று சொன்னேன். வியப்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது. பதினாயிரம் பேரின் விரலடையாளங்கள் அலுமாரியில் இருக்கின்றன. புதிதாக ஓர் அடையாளம் வருகிறது. எந்தத் தட்டில், எந்தக் கட்டில் தேடுவது? இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் வங்காளப் பொலிஸைச் சேர்ந்த இரு இளைஞர்கள்: காசி அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ். ஹக் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் கணிதம் பயின்றவர்.

பத்து விரல்களையும் ஐந்து சோடிகளாக்கினார்கள். முதற் சோடியிலுள்ள விரலிற் சுழி இருந்தால் 16 புள்ளி. அடுத்த சோடியில் 8. பின்னர் 4, 2, 1. சுழி இல்லாத விரலுக்குப் பூச்சியம். ஒவ்வொரு சோடியிலும் ஒரு விரலின் புள்ளி பின்னத்தின் மேலே செல்லும். மற்றதன் புள்ளி கீழே. இரண்டையும் தனித்தனியே கூட்டி ஒவ்வொன்றுடனும் ஒன்று சேர்த்துவிட்டால் மேலே 1 முதல் 32 வரை ஓர் எண், கீழேயும் அவ்வாறே ஓர் எண். 32 முறை 32 என்றால் 1024. அலுமாரியில் 1024 அறைகள். எந்த மனிதனும் தன் பத்து விரல்களோடு தனக்குரிய அறைக்குத் தானே நடந்து போய்விடுகிறான்! ஒவ்வோர் ஆண்டும் இதை நான் வகுப்பில் முத்திரை மையை வைத்துச் செய்து காட்டுவதுண்டு. அன்றைக்கு மட்டும் கடைசி வாங்கிலும் எவரும் தூங்குவதில்லை.

1897ஆம் ஆண்டு ஆனி மாதம் இந்திய அரசாங்கம் இம்முறையை ஏற்றுக்கொண்டது. அவ்விருவருக்கும் மேலதிகாரியான எட்வர்ட் ஹென்றி இலண்டனுக்குச் சென்று, 1901ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஸ்கொட்லண்ட் யார்டில் விரலடையாளப் பிரிவைத் தொடக்கினார். ராம்ஸியின் கதை நடப்பதாகச் சொல்லப்படும் அதே 1901! பிற்காலத்தில் ஹக்குக்குக் கான்பகதூர் பட்டமும் போஸுக்கு ராய்பகதூர் பட்டமும் கிடைத்தன. முறைக்கு மட்டும் 'ஹென்றி முறை' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நியாயத்தைச் சொல்லவேண்டும்: விரலடையாளத்தால் கொலையாளியைக் கண்ட முதல் நாடு இந்தியா அன்று, ஆர்ஜென்டீனா. 1892ஆம் ஆண்டில் நெக்கோச்சியா என்ற ஊரில் தன் இரு குழந்தைகளைக் கொன்ற ஒரு தாய், பழியை அயலவன்மீது போட்டாள். அவனைப் பொலிஸார் சித்திரவதை செய்தும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. பின்னர் வந்த அதிகாரி ஒருவர் கதவில் ஓர் இரத்த விரலடையாளத்தைக் கண்டு, அந்தப் பலகைத் துண்டை அறுத்து எடுத்துச் சென்றார். அது தாயின் பெருவிரல்.

கதவு என்றதும் அப்பாயியின் கதைக்கு வந்துவிட்டேன்.

1956ஆம் ஆண்டு. எங்கள் தாத்தா மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்தார். இறப்பரும் கொக்கோவும் கலந்த தோட்டம். கொக்கோ விதைகளைப் புளிக்கவைத்து, காயவைத்து, சாக்குகளிற் கட்டி ஸ்டோரில் அடுக்கியிருப்பார்கள். ஒருநாள் மாலை ஸ்டோர்க் கதவுக்குப் பச்சை வர்ணம் பூசும் வேலை தாத்தாவுக்குக் கொடுக்கப்பட்டது. மறுநாட் காலையிற் பார்த்தால் இரண்டு சாக்குக் கொக்கோவைக் காணவில்லை. பூட்டு உடைந்திருந்தது.

தாத்தாவின் சாரத்தில் பச்சை வர்ணம் ஒட்டியிருந்தது. அவ்வளவுதான் சாட்சியம். கதவுக்கு வர்ணம் பூசியவன் சாரத்தில் வர்ணம் இல்லாமல் வேறு என்ன இருக்கும்? ஆனால் இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் தாத்தா பிரட்டுக் களத்தில் வைத்துக் கணக்கப்பிள்ளையோடு வாதாடியிருந்தார். முழுநாள் வேலை செய்தவருக்கு அரைப்பேர் போட்டிருந்தார்கள். அவர் பொறுத்துக்கொள்ளாமல் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அதன் பின்னர் சாரத்துக் கறைக்கு விளக்கம் கேட்பார் இல்லை.

அப்பாயி மட்டும் ஸ்டோருக்கு ஓடினாள். கதவின் ஓரத்தில், ஈரம் காயுமுன் யாரோ கையை ஊன்றித் தள்ளியதுபோல நான்கு விரல்கள் பதிந்திருந்தன. நான் சிறுவனாக இருந்தபோது இதை அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் தன் வலக்கையைச் சுவரில் ஊன்றிக் காட்டுவாள்.

"நாலு வெரலும் முழுசா இருந்துச்சு ராசா. ஒங்க தாத்தாவுக்குத்தான் மோதிர வெரலு பாதி இல்லையே. அந்த மெசினு தின்னுருச்சே."

இறப்பர்த் தகடு உருட்டும் இயந்திரத்தில் அகப்பட்டு, அதற்கு ஐந்தாறு வருடங்களுக்கு முன்னர் தாத்தாவின் வலது மோதிர விரலின் மேற்பாதி போயிருந்தது. தோட்டம் முழுவதும் அறிந்த செய்தி அது. அப்பாயி கணக்கப்பிள்ளையிடம் போய், கதவை வந்து பாருங்கள் என்று அழுதாள். "பொம்பள நீ என்ன பொலிஸா?" என்று கேட்டாராம். மத்தியானம் துரை ஸ்டோரைப் பார்க்க வருவதாக இருந்தது. அலங்கோலமான கதவை அவர் கண்ணிற் காட்டக்கூடாது. பத்து மணிக்கெல்லாம் இன்னொருவரைக் கொண்டு மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டார்கள். யாரும் எதையும் மறைக்க எண்ணிச் செய்ததாக அப்பாயிகூடச் சொன்னதில்லை. கதவு அழகாக இருக்கவேண்டும் என்பதே அவர்கள் கவலை.

பொலிஸுக்குப் போகவில்லை. பத்துச்சீட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன்னர் ஆபிஸுக்கு அழைத்து, ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார்கள். தாத்தாவின் பெருவிரலை மையில் ஒற்றித் தாளில் அழுத்தியவர்களுக்கு, மற்ற நான்கு விரல்களையும் பக்கத்தில் ஒற்றி, கதவில் இருந்ததோடு ஒருதரம் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஜல்பைகுரியில் அவ்விதம் பார்த்து ஏறக்குறைய அறுபது வருடங்கள் கழிந்திருந்தன. சிக்காகோவில் 1910ஆம் ஆண்டு, ஈர வர்ணம் பூசிய வராந்தாக் கைப்பிடியில் நான்கு விரல்களைப் பதித்துவிட்டுப் போன கொலைகாரனைப் பிடிக்க அந்தக் கைப்பிடியையே அறுத்து எடுத்துவந்தார்கள்; 1911இல் இல்லினொய் உயர்நீதிமன்றமும் அதைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. அங்கும் ஈர வர்ணம், இங்கும் ஈர வர்ணம். எங்கள் கதவுக்கு அறுக்கும் வாளுக்குப் பதிலாகத் தூரிகை வந்து சேர்ந்தது, அவ்வளவே.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கணித ஆசிரியன் என்ற முறையில் நான் இதைப் பலதடவை யோசித்திருக்கிறேன். கதவில் இருந்த நான்கு முழு விரல்களும், தாத்தா அல்லாத வேறொருவர் அன்றிரவு அக்கதவைத் தொட்டார் என்பதை மட்டுமே காட்டும். தாத்தா களவாடவில்லை என்று அவை மட்டுமே நிரூபிக்கமாட்டா. ஜல்பைகுரி அசெசர்களைப் புகழ்ந்துவிட்டு இதை மறைத்தால் அது நேர்மையாகாது. விரலடையாளத்தை வாசிக்கும் நிபுணரும் பிழை விடுவதுண்டு. 2004ஆம் ஆண்டில் ஸ்பெயினின் மட்ரிட் நகரில் ரயில்களிற் குண்டு வெடித்தபோது, பை ஒன்றிலிருந்த விரலடையாளம் ஒரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் அடித்துக் கூறி அவரைச் சிறைவைத்தனர். அது அல்ஜீரியர் ஒருவருடையது என்று ஸ்பெயின் பொலிஸார் காட்டிய பின்னர் விடுவித்து மன்னிப்புக் கேட்டனர். ஆனால் பிழையாக வாசிப்பது வேறு; வாசிக்காமலே பூசிவிடுவது வேறு.

கள்ளன் என்ற பெயரோடு வந்தவரை அடுத்த தோட்டங்களில் எவரும் சேர்க்கவில்லை. பானை சட்டிகளோடும் ஐந்து வயதுப் பையனான என் தந்தையோடும் அலைந்து, கடைசியில் யட்டவத்தையில் ஒரு சிங்களக் கமக்காரரின் மிளகுத் தோட்டத்தில் ஒதுங்கினார்கள். அவர் எந்தச் சீட்டையும் கேட்கவில்லை. நாங்கள் இன்றைக்கும் இவ்வூரில் இருப்பதற்கு அதுவே காரணம். தாத்தா 1971ஆம் ஆண்டில் காலமானார். அவர் அந்தக் கதவைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லையாம்.

கைநாட்டு என்ற சொல்லை எங்கள் மக்கள் வெட்கத்தோடுதான் சொல்வார்கள். எழுத்தறியாதவன் என்பதற்கு அது மறுபெயர். நான் எட்டாம் வகுப்பிற் படிக்கும்போது அப்பாயிக்குப் பெயரெழுதக் கற்றுக்கொடுத்தேன். மூன்று எழுத்துக்களையும் எழுதிப் பழகினாள். தபாற்கந்தோரில் கையெழுத்திட்ட அன்று கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தினாள். அந்தப் பெருமையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் கையெழுத்தைப் பிறர் போலியாக எழுதலாம், விரலை எழுத முடியாது என்பதை அவளுக்குச் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை.

விரலடையாளத்தின் வரலாறே எங்களைப் போன்றவர்களை நம்பாமையிலிருந்துதான் தொடங்குகிறது. 1858ஆம் ஆண்டில் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹேர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, பாதைக்குச் சாமான் கொடுக்க உடன்பட்ட ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் ஒப்பந்தத்தின் பின்புறத்தில் முழுக் கையையும் பதிக்கச் சொன்னார். முத்திரை குத்தும் மையைத்தான் உபயோகித்தார்கள். பின்னர் 'அது என் கையெழுத்தன்று' என்று அவர் மறுத்துவிடாமல் பயமுறுத்துவதே நோக்கம். கோனாய் மறுத்ததாகச் செய்தி இல்லை. மறுக்கமுடியாதபடி மனிதனைக் கட்டிவைக்க வந்த மை, நாற்பது வருடத்தில் அதே வங்காளத்தில் ஒரு சமையற்காரனையும் ஒரு தோட்டத்துத் தொழிலாளர்களையும் சந்தேகத்திலிருந்து மீட்கத் துணைநின்றது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மகன் சிறிது நேரம் பேசாதிருந்தான். ராம்ஸி கணினியில் ஒரு கையை உயர்த்தியபடி அசையாமல் நின்றார். "பெரிய தாத்தாவின் விரலில் சுழியா, வேறா?" என்று கேட்டான்.

அப்போதுதான் தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது. இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் 1949ஆம் ஆண்டில் வந்த பின்னர், தாத்தாவும் மற்றவர்களைப் போல விண்ணப்பம் போட்டிருந்தார். அதன் பிரதியொன்றை அப்பாயி துணியிற் சுற்றிக் கடைசிவரை வைத்திருந்தாள். மடிப்புக்களில் தாள் கிழிந்துவிட்டது. அடியில், பெயருக்குப் பக்கத்தில், இடது பெருவிரல் அடையாளம்.

மேசை விளக்கைக் கிட்ட இழுத்து, என் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். அவன் நெடுநேரம் குனிந்து பார்த்தான்.

"சுழிதான் அப்பா. நடுவில் வட்டம் வட்டமாக நன்றாகவே தெரிகிறது."

இடது பெருவிரல் மூன்றாம் சோடியைச் சேர்ந்தது. மகன் தன் பயிற்சிப் புத்தகத்தில் பத்துக் கட்டங்கள் வரைந்து, அதற்குரிய கட்டத்தில் 4 என்று எழுதினான். மற்ற ஒன்பதையும் வெறுமையாக விட்டான்.